ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாடு கொடுக்கப் போகும் சபைக்காரர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏதோ ஒரு சபையில் நாலு பேர் கூடி, "நோட்டீஸ் கொடுத்தது போதும், உருப்படியாக ஏதாவது செய்வோம்" என்று பேச ஆரம்பித்திருந்தால் இது உங்களுக்குத்தான். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்களுக்கு வாரம் ஒரு வேளை சாப்பாடு கொடுக்கலாம் என்று எங்கள் குழு கிளம்பியபோது, என்ன காகிதம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசைக் கைகாட்டினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மனந்திரும்பாவிட்டால் நரகம்" என்று அச்சடித்த தாளையும் சாப்பாட்டோடு சேர்த்து நீட்டுகிற எண்ணம் இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஏற்கனவே நடுங்கிப்போய்த்தான் இருக்கிறார். அவருக்கு இன்னொரு பயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதற்கு நற்செய்தி என்று பேர் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

1. முதலில் போய்க் கேளுங்கள், அடுப்பு அப்புறம்

பர்திமேயு கண் தெரியாதவன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். நீங்களும் கேளுங்கள். ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, வார்டு ஆயாம்மா, எதிரே டீக்கடைக்காரர் மூவரிடமும் பேச்சுக் கொடுங்கள். எந்தக் கிழமை யார் சாப்பாடு கொடுக்கிறார்கள், எந்த வேளைக்கு ஆளே வருவதில்லை, மிஞ்சுவது எது, எல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

பொதுவாக ஞாயிற்றுக்கிழமையும் பிறந்தநாள், கல்யாணநாள் அன்னதானமும் நிறைய வரும். ஒரே மதியத்தில் மூன்று வண்டி நிற்கும். புதன்கிழமை ராத்திரி ஒன்றும் இருக்காது. ஆராதனை முடிந்த கையோடு ஞாயிறே செய்துவிடலாம் என்பது நமக்கு வசதி, அவ்வளவுதான். காலியாக இருக்கும் வேளையைப் பிடியுங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரைக்கு வெளியே வருகிற தம்பிகளை நம்பி ஏழு மணிச் சாப்பாடு திட்டமிடாதீர்கள். பரிமாறுகிறவர்கள் யார் யார் என்று பேர் எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

2. அனுமதிக் கடிதம்

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீனுக்கு எழுத வேண்டும். அன்றாடம் விஷயத்தைப் பார்ப்பவர் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர். கடிதம் டீன் பேருக்கு, பேச்சு ஆர்.எம்.ஓ.வோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் தலைமை மருத்துவ அலுவலர்.

கடிதம் ஒரு பக்கம் போதும். யார் நீங்கள், எந்தச் சபை, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேருக்கு, எங்கே சமைப்பது, பொறுப்பாளர் இருவரின் பேர், போன் நம்பர். கூடவே இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, உள்நோயாளிகளுக்குக் கொடுக்க மாட்டோம், துணையாட்களுக்கு மட்டும்தான் என்பது. சர்க்கரை, சிறுநீரகம், ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆஸ்பத்திரி அவர்களுக்கு அளந்து கொடுக்கிற சாப்பாட்டில் நாம் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, வளாகத்தில் மதப் பிரசுரம் எதுவும் கொடுக்க மாட்டோம் என்பது. அவர்கள் கேட்பதற்கு முன் நாமே எழுதிக் கொடுத்தால் பேச்சு சுலபமாக முடியும்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதே கடிதத்தின் நகலை ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். புறநோயாளி கூட்டத்தில் உங்களை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் நல்லது. வளாகத்துக்குள் இடமில்லை என்று சொல்லிவிட்டால், வாசலுக்கு வெளியே ரோட்டோரம் நிற்பதற்கு மாநகராட்சியையும் போக்குவரத்துப் போலீசையும் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் வழியில் வண்டியை நிறுத்தினால் முதல் வாரமே முடிந்தது கதை.

3. உணவுப் பாதுகாப்புப் பதிவு

"இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்று எல்லாரும் கேட்பார்கள். கோவில் அன்னதானத்துக்கே பதிவு வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. சபைக்கு மட்டும் விலக்கு எப்படி வரும்? நமக்குத் தேவை பெரிய லைசென்ஸ் இல்லை, அடிப்படைப் பதிவு மட்டும். இதற்கென்றே இருக்கும் ஃபோஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பொறுப்பாளரின் போட்டோ, ஆதார், சமைக்கும் இடத்தின் முகவரிச் சான்று கேட்பார்கள். நாங்கள் எடுத்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இதற்கே ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜென்ட் உண்டு, தேவையில்லை.

ஏழு நாளில் பதில் வர வேண்டும். நேரில் பார்க்க வருவோம் என்றால் ஒரு மாதம் ஆகலாம். அதனால் தொடங்கும் தேதியை அறிவிப்பதற்கு முன் இதை முடியுங்கள். வந்து பார்ப்பவர்கள் கேட்பது இவ்வளவுதான்: தண்ணீர் எங்கிருந்து, சமைப்பவர்களுக்கு மருத்துவச் சான்று இருக்கிறதா, தலைக்குத் தொப்பி உண்டா, அரிசி பருப்பு தரையில் கிடக்கிறதா. சபையின் பின்கட்டில் சமைப்பதாக இருந்தால் மின் கட்டண ரசீது யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போதகர் பேரிலோ, இடம் கொடுத்த குடும்பத்தின் தாத்தா பேரிலோ இருக்கும். அப்படியென்றால் உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள்.

4. காசு யார் கணக்கில் வரும்?

பெரிய சிக்கல்கள் இங்கேதான். முதல் நாளே தனி அறக்கட்டளை பதிவு செய்யக் கிளம்பாதீர்கள். பத்திரம், பான், ஆடிட்டர், வருடாவருடம் கணக்குத் தாக்கல் எல்லாம் சேர்ந்து, சமைப்பதை விட்டுவிட்டுக் காகிதம் பார்க்க வைத்துவிடும். ஒரு வருடம் சபைக் கணக்கிலேயே தனித் தலைப்பில் நடத்துங்கள். ஒருவர் தன் சொந்த ஜி-பே நம்பரில் வசூல் செய்வது மட்டும் கூடவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி; நல்லவர் மேல் பழி விழுந்தால்தான் குழு உடைகிறது.

"80ஜி ரசீது உண்டா?" என்று, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்கித் தரும் ரசீதைக் கேட்பவர் வருவார். ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நலனுக்கென்றே இருக்கும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. உங்கள் சபை ஆராதனைக்கும் தர்மத்துக்கும் ஒரே கணக்கு வைத்திருந்தால், இந்தக் காரணத்தைச் சொல்லி, ரசீது தர முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 80ஜி உள்ள அமைப்பாகவே இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. இதைச் சொன்னால் கேட்டவர்களில் பாதிப் பேர் ரசீதே வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வெளிநாட்டுக் காசில் இன்னும் கவனம். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் உங்கள் சபை அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் வெளிநாட்டுக்காரர்தான், கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்திருந்தாலும். பாசத்தில் தலையாட்டிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

5. என்ன சமைப்பது

பிரியாணி வேண்டாம். ஆசை இருக்கும், சபையில் நல்ல மாஸ்டரும் இருப்பார். ஆனால் செலவு ஏறும், கூட்டம் அடித்துக்கொள்ளும், விரதம் இருப்பவர் ஒதுங்கி நிற்பார். நம்ம ஊர் அரிசி பருப்புச் சாதம் போல இதற்குத் தோதான சாப்பாடு வேறு கிடையாது. ஒரே அண்டா, ஒரே அடுப்பு, குழந்தையும் கிழவியும் சாப்பிடலாம். கூடக் கொஞ்சம் ஊறுகாயும் அப்பளமும்.

நூறு பேருக்கு அரிசி பத்து கிலோ, துவரம் பருப்பு மூன்று கிலோ, சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, தக்காளி இரண்டு கிலோ, கடலெண்ணெய் ஒன்றரை லிட்டர். பூண்டு, சீரகம், மிளகாய், கறிவேப்பிலை கைக்கணக்கு. கேஸ், தட்டு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் வாக்கில் வரும். பருப்பு விலை ஏறினால் இன்னும் கூடும். சின்ன வெங்காயம் உரிக்க முந்தின நாள் ராத்திரியே நாலு பேர் உட்கார வேண்டும். அதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

சாதம் குழைவாக, நீர் சற்று அதிகமாக இருக்கட்டும். போகிற வழியில் இறுகிவிடும். இறக்கி நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். அதுவரை சூடு போகக் கூடாது. தேங்காய்ச் சட்னி கொண்டுபோகாதீர்கள், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. ஒரு சின்ன டப்பாவில் அன்றைய சாப்பாட்டை எடுத்து மறுநாள் வரை பிரிட்ஜில் வையுங்கள். யாருக்காவது வயிற்றைக் கலக்கிவிட்டது என்று பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

பிளாஸ்டிக் பூசிய தட்டு, கவர் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. பாக்குமட்டைத் தட்டு விலை அதிகம். வந்தவர்கள் கையில் பெரும்பாலும் தூக்குப்போசி இருக்கும். அதில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். மேலே போய் இன்னொருவரோடு பகிர்ந்தும் சாப்பிடுவார்கள். போசி இல்லாதவருக்கு மட்டும் மந்தாரை இலை.

6. வாசலில் நிற்கும்போது

சபைப் பேரை மறைக்க வேண்டாம். மறைத்தால், பிறகு தெரியவரும்போது "ஏதோ உள்நோக்கம்" என்று ஆகிவிடும். அண்டா மேல் சின்னதாகப் பேர், கழுத்தில் அடையாள அட்டை, போதும். பத்தடி பேனர், மைக், பாட்டு எதுவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் நிற்க வைத்து ஜெபம் செய்வதும் வேண்டாம். பசித்தவரைக் காக்க வைத்துச் செய்கிற ஜெபம் அவருக்கு டோக்கன் மாதிரிதான் தெரியும். நீங்கள் வீட்டில் கிளம்பும்போதே ஜெபித்துவிட்டு வாருங்கள்.

போட்டோ கூடாது. இதில்தான் எல்லாக் குழுவிலும் சண்டை வரும். "கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்பார்கள். அண்டாவை எடுங்கள், மளிகை ரசீதை எடுங்கள். வால்பாறையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து, மகனை வார்டில் போட்டுவிட்டு, ஊரில் யாருக்கும் சொல்லாமல் கிடக்கிற அம்மாவின் முகம் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக் கூடாது.

"இந்தா பிடி" என்று நீட்டாதீர்கள். "வாங்க அம்மிணி, போசியக் கொடுங்க", "அண்ணா, இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா?" அப்படிப் பேசுங்கள். ஒரு பெரியம்மா சாப்பாட்டை வாங்கிக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "எவ்வளவுங்க சாமி?" காசு இல்லைங்க என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சும்மா வாங்கிப் பழக்கமில்லாத கை. நம்ம பக்கம் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவரிடம் கரண்டியைக் கொடுத்து, "கொஞ்சம் ஊறுகாய் பரிமாறுங்கம்மா" என்றாள் எங்கள் குழுத் தங்கச்சி. நின்று பரிமாறிவிட்டு, பிறகு சாப்பிட்டார். இப்படி ஒரு வேலையை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது தடவை கேட்பவரிடம் "முன்னாடியே வாங்கிட்டீங்களே" என்று சொல்லக் கூடாது. மேலே வார்டில் ஒரு ஆள் இருக்கலாம். ஏமாற்றியே வாங்கினாலும் போவது ஒரு கரண்டிச் சாதம்.

7. விசுவாசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால்

வரும். சில வாரம் போனதும், "நீங்க ஏனுங்க இதைச் செய்யறீங்க?" என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்லலாம். ஒன்று பேதுரு மூன்றாம் அதிகாரம் சொல்வதும் அதைத்தான்: விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடு. கேட்காதவரைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பதில் இரண்டு வாக்கியத்தில் முடியட்டும். "இயேசு எங்கள நேசிக்கிறாருன்னு நம்பறோம்ங்க, அதான்." மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். "மதம் மாத்த வந்தீங்களா?" என்று யாராவது கோபமாகக் கேட்டால், "இல்லைங்க, சாப்பாடு மட்டும்தான், சாப்பிடுங்க." அதற்கு மேல் வாதம் வேண்டாம். அனுமதிக் கடிதத்தின் நகல் வண்டியில் இருக்கட்டும். தகராறு முற்றினால் அன்று மூட்டை கட்டிக்கொண்டு, மறுநாள் ஆர்.எம்.ஓ.வைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவற்றை எழுதி, குழுவில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வியாதிக்குக் காரணம் பாவம் என்று சொல்லக் கூடாது. சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்வது பற்றி நினைக்கவே கூடாது. சொன்னவரை அன்றே அனுப்பிவிடுங்கள். அவர்கள் கட்டியிருக்கும் கயிற்றையோ பூசியிருக்கும் திருநீற்றையோ பற்றி ஒரு வார்த்தை கூடாது. போன் நம்பர் வாங்கக் கூடாது. வேண்டுமென்றால் அவர்கள் உங்கள் நம்பரைக் கேட்பார்கள். குழந்தைகளிடம் பெற்றோர் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

ஜெபம் செய்யச் சொல்லி அவர்களே கேட்பார்கள், அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின நாள். நோயாளியின் பேரைக் கேட்டு, நின்ற இடத்திலேயே, மெதுவாக, ஒரு நிமிடத்தில் முடியுங்கள். பெண்களுக்குப் பெண்களே ஜெபிக்கட்டும். தலையில் கை வைப்பதற்கு முன் கேளுங்கள். வார்டுக்குள் போகாதீர்கள். மாரியம்மன் நோன்பிக்குக் காப்புக் கட்டியவர் ஒருவர், "எங்க ஆத்தாகிட்டயும் வேண்டியிருக்கேன், நீங்களும் ஜெபம் பண்ணுங்க" என்றார். பண்ணினோம். அதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது?

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டின் மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் பிற மதத்தை இழிவுபடுத்தும் தாளோ பேச்சோ இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 196, 299 பிரிவுகளில் வழக்கு வரலாம். யாரோ அன்போடு அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸ் கட்டு வண்டிச் சீட்டுக்கு அடியில் கிடக்கிறதா என்று கிளம்பும்போது பாருங்கள்.

8. காப்பீட்டு அட்டைக்குக் கூடப் போவது

சாப்பாட்டைவிட இது பெரிய உதவி. ஆனால் செய்ய ஆள் கிடைப்பது அரிது, ஏனென்றால் ஒரு முழுநாள் போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேண்டியவை ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்று. அட்டை பதிவது கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்தில்.

முட்டுக்கட்டை பெரும்பாலும் வருமானச் சான்றில்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும். மையத்தில் ஓ.டி.பி. கேட்கும்போது, ஆதாரில் சேர்த்த போன் ஊரில் பையன் கையில் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே பையனுக்குப் போன் போட்டு, பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவு உண்டு. முதலில் அங்கே போய் இந்தச் சிகிச்சை திட்டத்தில் வருமா என்று கேட்டுவிட்டு அலையுங்கள். பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து நம்ம ஊரில் வேலை பார்ப்பவரிடம் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மாநிலம் தாண்டியும் செல்லும். இந்தி தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரை அடுப்படியில் நிறுத்தாதீர்கள், இதற்கு அனுப்புங்கள்.

கூடப் போகிறவர் அவர்களுடைய அசல் காகிதத்தைத் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் எடுத்தால் அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். இந்த உதவி வாங்கியவரை ஞாயிறு சபைக்கு அழைத்து "சாட்சி" சொல்ல வைக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றிக்கடனில் இருப்பவரால் மறுக்க முடியாது.

9. நின்றுபோகாமல் நடத்த

மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். கிறிஸ்துமஸ் மாதம் காசு கொட்டும், ஆடியில் வற்றும். நூறு பேருக்கு ஆரம்பித்து முப்பதாகக் குறைப்பதைவிட, முப்பதில் ஆரம்பிப்பது மேல். பள்ளிப் பரீட்சை, மே மாத லீவு, தீபாவளிக்கு முந்தைய கம்பெனி நெருக்கடி, இந்த மூன்று நேரமும் பரிமாற ஆள் இருக்காது. பக்கத்துச் சபையோடு முன்கூட்டியே பேசி வையுங்கள், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற கணக்கெல்லாம் வெங்காயம் உரிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வாரம் வர முடியாவிட்டால் முந்தின வாரமே செக்யூரிட்டியிடமும் டீக்கடையிலும் சொல்லுங்கள். இல்லையென்றால் துணையாட்கள் ஏழு மணிக்குப் போசியோடு இறங்கி வந்து, எட்டு வரை நின்று பார்த்துவிட்டுப் பசியோடு திரும்புவார்கள். அதற்குள் கேன்டீனும் சாத்தியிருக்கும். உணவுப் பதிவுக்கு அடுத்துக் கட்டணம் கட்ட வேண்டிய தேதியை இரண்டு பேர் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், ஒரு மாதம் முன்னதாக.